பதினோரு மணிப் படபடப்பு: சாப்பாட்டை மாற்றினால் குறையுமா?

பிழைதிருத்தி:

வணக்கம். வயது 36. வீட்டிலிருந்தே பிழைதிருத்தும் வேலை. பிறர் எழுதியதில் ஒற்று மிகுமா மிகாதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவள்.

நாலைந்து மாதமாக ஒரு தொல்லை. காலை பதினோரு மணி வாக்கில் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. விரல் நுனி நடுங்குகிறது, உள்ளங்கை வேர்க்கிறது. அந்த நேரம் பார்த்து மின்னஞ்சல் ஏதும் வந்தால் திறக்கவே பயம். ‘எங்கேயோ பெரிய தப்பு விட்டிருக்கிறேன், அதைச் சொல்லத்தான் எழுதியிருக்கிறார்கள்’ என்று மனசு அடித்துக்கொள்ளும். கால் மணி நேரம் கழித்துத் துணிந்து திறந்தால் ‘நன்றி, கிடைத்தது’ என்று ஒரு வரி இருக்கும். மாலை ஐந்து மணிக்கு இன்னொரு முறை வரும், காலையை விடக் கொஞ்சம் குறைவாக.

மருத்துவரிடம் போனேன். ஈசிஜி எடுத்தார்கள், சரியாக இருக்கிறது. “டென்ஷனைக் குறைங்க, நல்லா சாப்பிடுங்க” என்றார். நல்லா சாப்பிடுவது என்றால் என்னவென்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்புறம் நானே இணையத்தில் தேடினேன். பதற்றத்தை விரட்டும் உணவுகள் என்று எத்தனை பட்டியல்! ஒன்று விடாமல் வாங்கினேன். பூசணி விதை, வால்நட், டார்க் சாக்லேட், கெமோமில் டீ, மீன் எண்ணெய் மாத்திரை, மெக்னீசியம் மாத்திரை. ஆறு வாரம் ஆயிற்று. விதை டப்பா தீர்ந்துவிட்டது, படபடப்பு தீரவில்லை.

சாப்பாட்டுக்கும் மனப் பதற்றத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? இல்லை, என் பயத்துக்கும் விதை விற்பவர்களின் வியாபாரத்துக்கும் மட்டும்தான் தொடர்பா?

என்ன சாப்பிடுகிறாய் என்று எப்படியும் கேட்பீர்கள். ஆறரைக்கு எழுந்ததும் காபி. எட்டரைக்கு வேலையைத் தொடங்கும்போது ஒன்று. காலைச் சாப்பாடு பெரும்பாலும் கிடையாது, பசிப்பதில்லை. பத்து மணிக்கு இன்னொரு காபி, கூட இரண்டு இனிப்பு பிஸ்கட். மதியம் இரண்டு, இரண்டரைக்குக் கையில் கிடைத்தது. நாலு மணிக்குக் காபி. இரவு ஒன்பதரைக்கு வயிறு முட்ட.

---

நடைவண்டி:

அக்கா, கடைசிப் பத்தியை நீங்களே ஒருமுறை பிழைதிருத்திப் பாருங்கள்.

---

ஊசிக்காது:

நடைவண்டி சொன்னது கிண்டலானாலும் சரிதான். நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தையல்காரன். வயது 51. ஐந்து வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதே கதைதான், ஆனால் எனக்கு மின்னஞ்சலில் வரவில்லை, ஊசியில் வந்தது. காஜா எடுக்க நூல் கோர்க்கப் போவேன், நூல் முனை ஊசிக்காதுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போகுமே தவிர உள்ளே போகாது. முப்பது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு கோர்த்த கை. நூலை எச்சில் தொட்டுக் கூராக்கி மறுபடி நீட்டினால் கை இன்னும் நடுங்கும். எதிரே வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பார். ‘பார்த்துவிட்டாரோ’ என்று நினைத்ததுமே நெஞ்சு தட்ட ஆரம்பிக்கும். நெஞ்சு தட்டினால் கை நடுங்கும். அப்படியே ஒரு சுற்று.

கண் பரிசோதனை, இதயப் பரிசோதனை எல்லாம் ஆயிற்று. வயசு, குடும்பக் கவலை, தொழிலில் நஷ்டம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாமே கொஞ்சம் உண்மைதான். கவலை இல்லாத தையல்காரன் யார்?

எனக்கு வழி காட்டியது அளவு நோட்டு. வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கம் கோடு போட்டு, என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, கை எப்போது நடுங்கியது என்று எழுத ஆரம்பித்தேன். வேறொன்றும் எழுதவில்லை. மனசில் என்ன ஓடியது என்றுகூட எழுதவில்லை. எழுதப் போனால் அதுவே ஓட ஆரம்பித்துவிடும். பதினைந்து நாள் எழுதிவிட்டுப் பார்த்தேன். நடுக்கம் வந்த நேரமெல்லாம் இரண்டு இடத்தில் குவிந்திருந்தது. ஒன்று, காபி குடித்து ஒரு மணி நேரத்துக்குள். இன்னொன்று, கடைசியாகச் சாப்பிட்டு ஐந்து மணி நேரம் கழித்து. கவலை மட்டும்தான் காரணம் என்றால் அது இப்படி கடிகாரம் பார்த்து வருமா?

இதில் எனக்குப் புரியாதது ஒன்று இருந்தது. காபி நான் இருபது வயதிலிருந்தே குடிக்கிறேன். நாற்பத்தாறு வயதில் மட்டும் ஏன்? அதற்கான பதில் தற்செயலாகத்தான் கிடைத்தது. அந்த வருஷம்தான் சிகரெட்டை விட்டிருந்தேன். கைநடுக்கத்தைச் சொன்னால் எல்லோரும் ‘சிகரெட் விட்ட ஏக்கம், போய்விடும்’ என்றார்கள். மாதங்கள் ஆகியும் போகவில்லை. அப்புறம்தான் ஒரு மருந்துக்கடை அம்மா சொன்னார். சிகரெட் புகை, கல்லீரலில் காஃபினை உடைக்கும் நொதியை முடுக்கிவிடும். புகையை விட்டதும் நொதி தன் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அதாவது, புகை பிடித்தபோது சீக்கிரம் கழிந்துகொண்டிருந்த காபி, இப்போது நெடுநேரம் உள்ளேயே சுற்றுகிறது. நான் குடித்தது அதே நாலு கோப்பை, உடம்புக்குக் கிடைத்தது அதைவிட அதிகம். நல்லது செய்யப் போய் வந்த வினை! (சிகரெட் விட்டது தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காபியையும் கூடவே குறைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.) கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் காஃபின் கழிய ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகுமாம். கர்ப்ப காலத்தின் கடைசி மாதங்களில் இன்னும் அதிகம்.

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன், தங்கச்சி. ஒரு பெரிய கோப்பை, 240 மில்லி வடித்த காபியில் சுமார் 95 மில்லிகிராம் காஃபின். அதே அளவு கறுப்புத் தேநீரில் சுமார் 47. தூளும் கோப்பையும் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். குடித்ததில் பாதி கழிய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். உங்கள் ஆறரை மணிக் காபியில் பாதி பதினோரு மணிக்கு இன்னும் உள்ளே இருக்கிறது. எட்டரை மணிக் காபியில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. பத்து மணிக் காபி கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. கூட்டிப் பாருங்கள், இரண்டு கோப்பைக்கு மேலேயே வரும். வயிற்றில் இரண்டு பிஸ்கட் தவிர ஒன்றும் இல்லை. அந்தப் பிஸ்கட் சர்க்கரையோ சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். இறங்கும்போது சிலருக்கு உடம்பு அட்ரினலினைச் சுரந்து ஈடுகட்டும். அட்ரினலின் என்ன செய்யும்? நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உள்ளங்கை வேர்க்கும். நீங்கள் எழுதிய மூன்றும் அதே வரிசையில்.

மின்னஞ்சல் பாவம். அது பதினோரு மணிக்கு வந்ததுதான் அது செய்த குற்றம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் பெரிய பெயர் பெற்றது. திடீர் பீதி எப்படி வருகிறது என்பதற்கு அவர் சொன்ன விளக்கம்: உடம்பில் ஏற்படும் சாதாரண மாற்றத்தை மனசு ஆபத்து என்று தப்பாகப் படிக்கிறது, அந்தப் பயம் மாற்றத்தைக் கூட்டுகிறது, கூடியதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடுகிறது. என் ஊசி, நூல், வாடிக்கையாளர் சுற்றேதான்.

அதனால் எதைச் சேர்ப்பது என்று கேட்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். எதை, எப்போது என்று பாருங்கள். எழுந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏதாவது உண்மையான சாப்பாடு. முட்டையோ பருப்போ தயிரோ, கூட ஏதாவது தானியம். காபி அதற்குப் பிறகுதான். ஒரு நாளைக்கு இரண்டு, மதியத்துக்கு மேல் வேண்டாம். நாலு மணிக் காபியில் கால்வாசி இரவு இரண்டு மணிக்கும் உள்ளே இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் எல்லாமே மிரட்டும், உங்களுக்குத் தெரியாததா? மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்கு இழுங்கள். நடுவில் பசித்தால் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி கடலை. பூசணி விதை மிச்சம் இருந்தால் அதுவே போதும், பாவம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.

நோட்டு மறக்க வேண்டாம்.

---

அடுப்பங்கரை ஆய்வாளர்:

ஊசிக்காது அண்ணன் எழுதியதைப் படித்து எழுந்து நின்று கைதட்டினேன். நான் உணவியல் ஆலோசகர். பதினான்கு வருஷமாகக் கேட்கும் முதல் கேள்வி ‘எதைச் சாப்பிட்டால் மனசு சரியாகும்’ என்பதுதான். என் முதல் பதில் எப்போதும், ‘நேற்று காலை என்ன சாப்பிட்டீர்கள்’. பாதிப் பேர் யோசிப்பார்கள்.

நீங்கள் வாங்கிய பொருள்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அண்ணன் அதைத் தொடவில்லை.

மீன் எண்ணெய் முழுப் பொய் அல்ல. 2018-இல் 19 சோதனைகளை, மொத்தம் 2,240 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பை எடுத்தவர்களுக்குப் பதற்ற அறிகுறிகள் ஓரளவு குறைந்திருந்தன. ஆனால் நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறையாமல் எடுத்தவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. இப்போது உங்கள் டப்பாவைத் திருப்பிப் பின்னால் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள் (உங்களுக்கு அது தொழில்). முன்பக்கம் ‘1,000 மி.கி.’ என்று பெரிதாக இருக்கும், அது எண்ணெயின் எடை. பின்பக்கம் இபிஏ 180, டிஎச்ஏ 120 (இவை இரண்டும்தான் ஒமேகா-3) என்று இருந்தால் உண்மையான ஒமேகா-3 வெறும் 300. கணக்குப் போட்டால் ஆறேழு மாத்திரை விழுங்க வேண்டும். தானாக அப்படி விழுங்கக் கிளம்பிவிடாதீர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் முக்கியமாக. வாரம் இரண்டு முறை கொழுப்புள்ள மீன் சாப்பிடுவது எளிது.

மெக்னீசியம்: உடம்பில் குறைவாக இருந்தால் நிரப்புவது நல்லது. போதுமான அளவு இருக்கும்போது மேலும் போட்டால் பெரும்பாலும் நடப்பது வயிற்றுப்போக்குதான். உங்கள் பூசணி விதையிலேயே அது நிறைய இருக்கிறது.

டார்க் சாக்லேட்: பிடித்தால் சாப்பிடுங்கள். அதிலும் காஃபின் இருக்கிறது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பதற்றத்துக்காக மாலையில் சாக்லேட் சாப்பிட்டுவிட்டு இரவு தூக்கம் வரவில்லை என்று வந்தவர்கள் உண்டு.

பட்டியல்களில் வாழைப்பழம் கட்டாயம் இருந்திருக்குமே? அதில் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனம் இருக்கிறது, அதனால் மகிழ்ச்சி வரும் என்று எழுதியிருப்பார்கள். பழத்தில் செரட்டோனின் இருப்பது உண்மை. ஆனால் சாப்பிட்ட செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது, நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. நம் உடம்பின் செரட்டோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது, அதுவும் அந்தத் தடுப்பைத் தாண்டாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. வாழைப்பழம் நல்ல பழம், அவ்வளவுதான்.

அப்படியானால் உணவால் மனநிலை மாறுமா என்றால், மாறும் என்பதற்கு என்னைப் போன்றவர்கள் காட்டும் சோதனை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா என்ற ஆய்வாளரின் குழு செய்தது, 2017-இல் வெளிவந்தது. மனச்சோர்வு உள்ள 67 பேர், 12 வாரம். ஒரு பாதிக்கு உணவியலாளர் துணையோடு சாப்பாட்டை மாற்றினார்கள்: காய்கறி, பழம், பருப்பு வகைகள், முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய், கொட்டைகள். இனிப்பும் பொரித்ததும் குறைத்தார்கள். இன்னொரு பாதிக்குப் பேச்சுத் துணை மட்டும். கடைசியில் நோயிலிருந்து மீண்டவர்கள் முதல் குழுவில் 32 சதவீதம், இரண்டாவதில் 8 சதவீதம். சின்ன சோதனைதான். அதுவும் மனச்சோர்வைப் பற்றியது, பதற்றத்தைப் பற்றி அல்ல. பெரும்பாலானவர்கள் மருந்தோ சிகிச்சையோ எடுத்துக்கொண்டே இதையும் செய்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே யாரும் ஒற்றை விதையையோ ஒற்றைப் பழத்தையோ கொடுக்கவில்லை. மொத்தத் தட்டையும் மாற்றினார்கள்.

கடைசியாக, ரத்தப் பரிசோதனை. ஈசிஜி மட்டும் போதாது. தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு, நடுக்கம், வியர்வை. இரும்புச்சத்து குறைந்தாலும் நெஞ்சு அடிக்கும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), வைட்டமின் பி12 நான்கையும் பார்த்துவிடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். இந்த முறை நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்னால்.

பதற்றத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை மனச்சோர்வு மருந்துகளோடு சேர்க்கவே கூடாது, செரட்டோனின் அளவு மீறி ஆபத்தாகும். பஸ்பிரோன் என்ற பதற்ற மருந்து எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் சாற்றைத் தள்ளி வையுங்கள். ‘இயற்கைதானே’ என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள் எனக்கு எப்போதுமே பயம்.

---

காகிதக் கப்பல்:

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். நான் பதற்றத்தைக் குறைக்கத்தான் சாப்பாட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன். முதலில் சர்க்கரை போயிற்று, அப்புறம் மைதா, அப்புறம் பால், அப்புறம் வெளியில் சாப்பிடுவதே போயிற்று. தோழியின் பிறந்தநாளில் ஒரு துண்டு கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் வேர்த்து நின்றேன். கேக்குக்குப் பயந்து! கடைசியில் மூன்று கர்ச்சீப்பில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பதற்றம் போகவில்லை, வேலையை மட்டும் மாற்றிக்கொண்டது.

குறைவாகச் சாப்பிடுவதே மனசைக் கெடுக்கும் என்று எனக்குச் சிகிச்சை அளித்தவர் சொன்னார். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். எல்லோரும் தாங்களாகவே முன்வந்தவர்கள், உடலும் மனமும் திடமானவர்கள். ஆறு மாதம் பாதி வயிறு. எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். அதோடு எரிச்சல், சோர்வு, மனச்சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். படித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரவு இரண்டு மணிக்குச் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

நோட்டு எழுதும் யோசனை நல்லதுதான் அண்ணா. ஆனால் என்னைப் போன்றவர்கள் கையில் அது ஆயுதம். எழுத ஆரம்பித்தால் கலோரி வரை போய்விடுவேன். பிழைதிருத்தி அக்கா, உங்களுக்கு அந்தச் சுபாவம் இருந்தால் இரண்டு வாரத்தோடு நோட்டை மூடிவிடுங்கள்.

---

ஊசிக்காது:

காகிதக் கப்பல் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நானும் பதினைந்து நாளோடு நிறுத்திவிட்டேன், அதற்கு மேல் நோட்டில் இடமில்லை என்பதால்.

---

பிழைதிருத்தி:

எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் காபியை முழுசாக நிறுத்திவிட்டேன். வீரமாகத்தான் தொடங்கினேன். இப்போது தலை வெடிக்கிறது. கண்ணுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து தட்டுவதுபோல் இருக்கிறது. ‘முற்றுப்புள்ளி’ என்ற சொல்லை நாலு முறை படித்தும் பிழையா சரியா என்று தெரியவில்லை. இதற்குப் படபடப்பே பரவாயில்லை போலிருக்கிறதே?

---

ஊசிக்காது:

ஐயோ தங்கச்சி, நிறுத்து என்று யார் சொன்னது? இரண்டு என்றுதானே எழுதினேன்! தினமும் குடித்த உடம்பு, ஒரே நாளில் விட்டால் பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு ஒன்பது நாள் வரை இழுக்கும். சோர்வு, எரிச்சல் எல்லாம் அதோடு சேர்த்தி.

இப்போதே எழுந்து அரைக் கோப்பை குடியுங்கள். நாளையிலிருந்து மூன்று. நாலு மணிக் காபியை முதலில் வெட்டுங்கள். ஒரு வாரம் கழித்து பத்து மணிக் காபியை வெட்டுங்கள். நான் செய்தது இன்னொன்று: கோப்பையை மாற்றினேன். பழைய கோப்பை கடையில் பட்டன் போட்டு வைக்கப் போய்விட்டது, புதியது அதில் பாதி. எண்ணிக்கை குறையாததால் மனசுக்கும் குறை தெரியவில்லை.

---

அடுப்பங்கரை ஆய்வாளர்:

காஃபின் நீக்கிய காபியையும் பாதிக்குப் பாதி கலக்கலாம். அதிலும் துளி காஃபின் இருக்கும், ஆனால் பயப்படும் அளவுக்கு அல்ல.

ரத்தப் பரிசோதனை?

---

நடைவண்டி:

ராத்திரி ஒரு கிளாஸ் மது குடித்தால் பதற்றம் நன்றாகவே அடங்குகிறது என்று என் நண்பன் சொல்கிறான். அதையும் ஒரு உணவாகக் கணக்கில் எடுக்கலாமா என்று கேட்கச் சொன்னான். நண்பன்தான் கேட்கச் சொன்னான்.

---

ஊசிக்காது:

உங்கள் நண்பனிடம் சொல்லுங்கள் தம்பி: அடங்குவது உண்மை, ஆனால் கடன் வாங்கி அடக்குவது. மது மூளையின் வேகத்தைக் குறைக்கும், மூளை ஈடுகட்ட எதிர்ப்பக்கம் மிதிக்கும். மது இறங்கிய பிறகும் கால் எடுக்காது. அதனால்தான் விடிகாலை மூணு மணிக்கு நெஞ்சு திடுக்கென்று விழிப்பது. அந்த நேரத்துக் கவலைகளுக்கு உயரம் அதிகம். தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் மட்டும் திடீரென்று தானாக நிறுத்த வேண்டாம், மருத்துவர் துணையோடு நிறுத்தச் சொல்லுங்கள். அது காபித் தலைவலி மாதிரி இல்லை, உயிருக்கே ஆபத்து.

நண்பனுக்குத்தான் சொல்கிறேன்.

---

பிழைதிருத்தி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். யாராவது இன்னும் படிக்கிறீர்களா?

முதலில் பரிசோதனை முடிவு. தைராய்டு சரி, பி12 சரி. ஹீமோகுளோபின் 10.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகையாம். ஃபெரிட்டினும் அடிமட்டம். மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இந்த முறை நான் எழவில்லை, கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் சொன்னதில் ஒன்று என்னை உலுக்கியது. சாப்பாட்டோடு குடிக்கும் காபியும் தேநீரும் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்குமாம். நான் செய்ததோ, சாப்பிடாமல் காபி குடித்தது. சாப்பிட்ட அபூர்வ வேளையிலும் கூடவே காபி குடித்தது. இப்போது மாத்திரையை ஆரஞ்சுப் பழத்தோடு எடுக்கிறேன், வைட்டமின் சி இருந்தால் சேர்வது கூடும் என்றார். காபியோ, மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி.

எட்டு மணிக்கு இரண்டு முட்டையும் ரொட்டியும். முதல் வாரம் பசியே இல்லாமல் கடமைக்கு மென்றேன். மூன்றாவது வாரம் ஏழே முக்காலுக்கு வயிறு தானாகக் கூப்பிட்டது. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு வந்துவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். காபி இரண்டு, சின்னக் கோப்பையில்.

நோட்டையும் சொல்லிவிடுகிறேன். பதினான்கு நாள் எழுதினேன், காகிதக் கப்பல் சொன்னதை நினைத்து அதோடு மூடிவிட்டேன். முதல் வாரம் ஏழு நாளில் ஆறு நாள் பதினோரு மணிக் கட்டத்தில் குறி இருந்தது. இரண்டாவது வாரம் மூன்று. அதில் ஒன்று வேலை கெடு நாளன்று, சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்ததால் வந்தது. அப்புறம் எழுதவில்லை, ஆனால் கடைசி இரண்டு வாரத்தில் எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்.

இதில் எது வேலை செய்தது, காபியா, முட்டையா, இரும்பா? மருத்துவரிடமே கேட்டேன். “எது வேலை செஞ்சா என்ன, மூணையும் விடாதீங்க” என்றார். பிழைதிருத்துபவளுக்கு இந்தப் பதில் போதாது, ஆனால் வைத்துக்கொள்கிறேன்.

கவலை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வேலை நின்றுவிடுமோ என்ற பயம் அப்படியே இருக்கிறது, அதற்கு ஒரு ஆலோசகரிடம் போகத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பயம் இப்போது நெஞ்சை அடிக்காமல் வருகிறது. வந்தால் உட்காரச் சொல்லிப் பேச முடிகிறது.

நேற்று பதினோரு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உடனே திறந்தேன். மூன்றாம் பக்கத்தில் உண்மையாகவே ஒரு தப்பு விட்டிருக்கிறேன். ‘ப்’ மிக வேண்டிய இடம். திருத்தி அனுப்பிவிட்டு, கடலை டப்பாவைத் திறந்தேன்.

---

நடைவண்டி:

அக்கா, நண்பன் இந்த வாரம் நாலு நாள் குடிக்கவில்லை. நேற்று விடிகாலை மூணு மணிக்கு எழவில்லையாம். சொல்லச் சொன்னான்.

---

ஊசிக்காது:

நண்பனுக்கு ஒரு சட்டை இலவசமாகத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள் தம்பி. அளவை மட்டும் நேரில் வந்து கொடுக்கட்டும். காஜாவெல்லாம் கையாலேயே எடுத்துத் தருகிறேன்.